எங்கப்பன் ஊட்டு இரும்பு

சித்தெ அக்கட்டால நகருங்க அம்மிணி, இந்தப் பையைக் காலுக்கடியில வெச்சுக்கறேன். அடடா, மோதிருச்சுங்களா? வலிக்குதுங்களா? இரும்புச் சட்டிங்க, அதுதான் அந்தச் சத்தம். ரெண்டு சட்டி, ஒரு தோசைக்கல்லு, அதுக்கு மேல பேரீச்சம்பழம், சத்து டானிக்கு பாட்டலு, முருங்கைக்கீரைப் பொடி. பாத்தரக்கடைக்காரின்னு நெனச்சுக்காதீங்க. எந்தம்பி ஊட்டுல இருந்து வர்றேன். அந்த ஊட்டுல இனிமே இரும்புங்கற பேச்சே இருக்கக்கூடாதுன்னு நான்தான் எல்லாத்தையும் வழிச்சுப் போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

ஏனுங்க, எங்க போறீங்க? கரூருக்கா? நான் வெள்ளகோயில்ல எறங்கிக்குவேன். அதுவரைக்கும் பழமை பேசிட்டுப் போலாம். நீங்க பேசலீன்னாலும் பரவாயில்லைங்க, நானே பேசிக்கறேன். இன்னைக்கு என்னால வாயை மூடிட்டு உக்கார முடியாது. காங்கயம் பஸ் ஸ்டாண்டுல பூக்காரிகிட்டச் சொன்னேன். டிக்கெட்டுக் கிழிச்ச கண்டக்டருகிட்டச் சொன்னேன். அவரு சில்லறை இருந்தாக் குடுங்கம்மான்னுட்டுப் போயிட்டாரு. போனாப் போறாரு.

எந்தம்பி பொழைச்சுட்டானுங்க! ஈரலு நல்லா இருக்குதாம். துளி கேடு இல்லையாம். கோயமுத்தூரு டாக்டரு நேத்துப் போனுல அவரு வாயாலயே சொல்லிட்டாரு. எனக்குச் சிரிப்பு நிக்கவே மாட்டேங்குது பாருங்க. ராத்திரி தம்பி ஊட்டுலதான் படுத்திருந்தேன், தூக்கத்துலயும் சிரிச்சனாம், தம்பி பொண்டாட்டி காலையில சொல்றா.

ஆமா, நீங்க ஏனுங்க இப்படி வெளுத்துப் போயிருக்கறீங்க? ரத்தம் கம்மியாட்டம் தெரியுது. இந்தாங்க, ரெண்டு பேரீச்சம்பழம் வாயில போடுங்க. அட, வாங்கிக்கங்க. அப்பறம் தின்னுக்கறீங்களா? சரி, மடியில வெச்சுக்கங்க. நான் ஒண்ணு போட்டுக்கறேன்.

எந்தம்பி பேரு நாச்சிமுத்து. காங்கயத்துக்கு வெளிய தேங்காய்க் களம் வெச்சிருக்கறான். தேங்காயை ஒடைச்சுக் காயப் போட்டுக் கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்பறது. நாப்பத்தி நாலு வயசு. கல்லாட்டம் இருந்த பையன். ரெண்டு மூணு வருசமாவே களத்துல நின்னான்னா சித்தெ நேரத்துல நெழலுக்கு வந்து உக்காந்துக்குவான். உக்காந்தா எந்திரிக்க மாட்டான். ஏன்டா நாச்சிமுத்துன்னா, அசதியா இருக்குதக்காம்பான். நமக்கெல்லாம் அசதின்னா என்னங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. ரத்தம் கம்மி! அதுக்கு டாக்டரு எதுக்கு? எங்க ஊருல பொறந்த கொழந்தை கூடச் சொல்லீரும்.

அப்பறம் என்ன, உட்டனா நான்? நான் மூத்தவ. எங்கம்மா போனதுக்கப்பறம் அவனுக்கு ஆரு இருக்கா? ஞாயித்துக்கெழமையானா வெள்ளகோயில்ல மொதப் பஸ் புடிச்சுக் கறிக்கடைக்குப் போயிருவேன். ஆட்டுச் சுவரொட்டி, அதானுங்க மண்ணீரலு, வேணும்னு கறிக்கடைக்காரருகிட்ட முந்தின நாளே சொல்லி வெச்சிருவேன். ஈரலு, சுவரொட்டி, முருங்கைக்கீரை, எல்லாம் இரும்புச் சட்டியிலதான். ஈயப் பாத்தரத்துல செஞ்சா அடுப்பை அணைச்சுப்போடுவேன். மருந்துக் கடையில சத்து டானிக்கு. அது நல்லா ஒடம்புல சேரோணும்னு மேல நெல்லிக்காச் சாறு. அவன் போதுமக்கா போதுமக்காம்பான். போதும்னா உட்டுருவனா? அவன் பொண்டாட்டி கோகிலா பக்கத்துல நின்னு பாத்துட்டே இருப்பா. அவளும் ஒரு சோம்பேறிங்க. மாடி ஏறுனா மூச்சு வாங்குதும்பா, தலை சுத்துதும்பா. புள்ளை பெத்து வளத்தவளுக்குத் தலை சுத்தாம என்ன பண்ணும்? போய்ப் பாத்தரத்தைக் கழுவும்மாம்பேன்.

அவன் கறுத்துட்டே போனான். நல்ல செவப்புப் பையனுங்க. கறுப்புன்னா வெறும் கறுப்பில்லை, புளி போட்டு வெளக்காத பித்தளைக் கொடமாட்டம் ஒரு மங்கல். வெயில்ல நிக்கிறவன் கறுக்காம என்ன பண்ணுவான்னு நாங்க எல்லாருமே உட்டுட்டோம். நானும் ஒரு காலத்துல செவப்புத்தானுங்க. இப்பப் பாருங்க. வயசாச்சு.

அப்பறம் அவனுக்குக் கையில நோவு வந்துருச்சு. இந்த ஆள்காட்டி வெரலு, அதுக்கடுத்த வெரலு. இந்த ரெண்டோட அடி மொளி, வெரலு கையில சேர்ற முட்டு. தேங்காய் ஒடைக்கற அருவாளைப் புடிக்க முடியலை. கொப்பரை தோண்டறவனுக்குக் கை வலிக்காம இருக்குமான்னு தைலம் தேய்ச்சு உட்டேன். எனக்குமே இந்த ரெண்டு வெரலும் காலையில மடங்காது, முறுக்குப் புழியற கையி, அதுக்கு ஆரு டாக்டருகிட்டப் போறா? ஆனா கோகிலா கேக்கலை. ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம் நங்கையான்னா. புருசனோட அக்காவை எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்புடறது. எடுத்தா, ரத்தம் பதினாறுன்னு வருதுங்க, பதிமூணு இருந்தாலே போதுமாம்! பதினாறு! நான் லேப்புக்காரனைப் புடிச்சுக் கத்துனேன் பாருங்க, ஏனுங்க, வேற ஆரோட ரத்தத்தையோ எந்தம்பி பேருல போட்டுட்டீங்களான்னு. அப்பறம் வேற லேப்புல எடுத்தோம். அங்கயும் பதினாறு. அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? பாத்தியாடா, என் சுவரொட்டி வேலை செஞ்சிருக்குது, இன்னும் ரெண்டு மாசம் தின்னா இருவது வந்துரும்னேன்!

சிரிக்காதீங்க. இல்லை, சிரிங்க சிரிங்க. எனக்கே இப்ப நெனச்சாச் சிரிப்புத்தான் வருது.

கோயமுத்தூருல வெரலுக்குப் பாக்கற டாக்டரு ஒருத்தரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு. உள்ள போனதும் எந்தம்பிக்குக் கை குடுத்தாருங்க. வாங்க உக்காருங்கன்னு சொல்ற மாதிரி. இவன் ஆன்னு கத்திட்டான். அவரு உடலை, வலிச்ச அந்த ரெண்டு மொளியையும் தடவித் தடவிப் பாத்தாரு. அப்பறம் சட்டையைத் தூக்குங்கன்னாரு. வெரல் வலின்னு வந்தா வயித்தை எதுக்குப் பாக்கறாருன்னு எனக்கு ஒரே கோவம். வயித்தைக் காட்டி, இந்த எடம் எப்பயிருந்து இந்த நெறம்னு கேட்டாரு. நான் முந்திட்டுச் சொன்னேன், களத்து வெயிலுங்க. அவரு என்னைப் பாத்தாரு. சட்டைக்குள்ள எப்பிடிம்மா வெயில் அடிச்சுதுன்னாரு. அதை நான் ரோசிக்கவே இல்லைங்களே!

அவருதான் இரும்பு டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு. பெரிட்டின்னு பேரு. நல்லா இருக்கறவங்களுக்கு இருக்க வேண்டியதுக்கு அஞ்சாறு மடங்கு மேல நிக்குது. அப்பறம் இன்னொரு ரத்தம் எடுத்து, பொறப்புலயே இது இருக்குதான்னு பாக்கறதுக்கு எங்கயோ அனுப்புனாங்க. இருக்குதுன்னே வந்துச்சு.

அது என்ன சீக்குன்னு டாக்டரு சொன்னதை உங்களுக்கு நான் சொல்றேன், இப்ப எனக்குத் தலைகீழா மனப்பாடம். நம்ம ஒடம்பு இருக்குதில்லைங்க, அது சோத்துல இருந்து தேவையான இரும்பை மட்டும் எடுத்துக்கும். போதும்னாப் போதும்னு மிச்சத்தை உட்டுரும். இவன் ஒடம்புக்குப் போதும்னு சொல்லவே தெரியாதாம். பந்தியில எலையை மூடாம உக்காந்திருக்கறவனாட்டம், போட்டதையெல்லாம் வாங்கிக்குமாம். வாங்குனதை எங்க வெக்கறது? ஈரலுக்குள்ள போட்டு வெக்கும். நெஞ்சுக்குள்ள போட்டு வெக்கும். கை மொளியில போட்டு வெக்கும். சக்கரை வர்றதும் இதுனாலதானாம் சில பேருக்கு. கடைசியில ஈரலு கல்லாட்டம் ஆகி ஆளு போயிருவான். நான் பாட்டுக்கு அவன் எலையில சுவரொட்டியை அள்ளி அள்ளி வெச்சிருக்கறேன்!

உங்க சமையலு மட்டும் காரணமில்லைம்மா, பொறப்புலயே வந்ததுன்னாரு டாக்டரு. நல்ல மனுசன். ஆனா இனிமே டானிக்கு கூடாது, அந்த நெல்லிக்காச் சாறு கூடாது, கறி ஈரலு வேண்டாம், சாராயம் பக்கமே போகக்கூடாதுன்னாரு. மருந்து என்ன குடுப்பீங்கன்னேன். மருந்து இல்லை, ரத்தத்தை எடுத்து உட்டுருவோம்னாரு. எடுத்து என்ன பண்ணுவீங்க? கொட்டீருவோம். எனக்கு மயக்கமே வந்துருச்சுங்க! நான் ஒவ்வொரு சொட்டா ஊட்டி ஊட்டி வளத்த ரத்தத்தை இவரு கொட்டறாராம்!

அதுவும் கெணத்து ஊத்தாட்டந்தானாம். எறைக்க எறைக்க ஊறும். புது ரத்தம் ஊறோணும்னா இரும்பு வேணும், அதுக்கு ஒடம்பு உள்ள ஒளிச்சு வெச்சிருக்கற இரும்பைத் தோண்டி எடுக்கும். இப்பிடியே வாரம் ஒரு தடவை எடுத்து எடுத்து, இருப்பைக் கொறைச்சுக் கொண்டாந்துட்டா, அப்பறம் வருசத்துக்கு மூணு நாலு தடவை எடுத்தாப் போதும். ஆயுசு முழுக்க நல்லா இருக்கலாம். சீக்கிரம் கண்டுபுடிச்சாப் பயமே இல்லைம்மா, நேரமாச்சுன்னாத்தான் வம்புன்னாரு. இதுதானுங்க பெரிய சமாச்சாரம். சீக்கிரம் கண்டுபுடிக்கோணும். இதை நான் பாக்கறவங்க எல்லாருகிட்டயும் சொல்லீட்டிருக்கறேன்.

மொத நாளு ரத்தம் எடுக்கறப்ப நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? எடுத்தவுடனே தெம்புக்கு வேணுமேன்னு பிளாஸ்குல ஈரல் சூப்பு கொண்டுட்டுப் போயிட்டேன்! எந்தம்பி பாத்துட்டு, அக்கா, இவரு இந்தப் பக்கம் எடுக்கறாரு, நீ அந்தப் பக்கம் ஊத்தறயான்னு கேட்டான். நர்ஸம்மா சிரிச்சு சிரிச்சு ஊசியைக் கீழ வெச்சுட்டா. என்ன பண்றதுங்க, பழகுன கை.

இப்ப மொகம் தெளிஞ்சு வருது அவனுக்கு. போன வாரம் களத்துல மூட்டையைத் தூக்கி லாரியில போட்டானாம்.

ஆனா எனக்கு இதைவிடப் பெரிய சந்தோசம் ஒண்ணு இருக்குதுங்க. அதைச் சொன்னாக் கண்ணுல தண்ணி வந்துரும், பரவாயில்லை.

எங்கப்பன். சென்னியப்பன்னு பேரு. அம்பத்தி ரெண்டு வயசுல போயிட்டாரு. வயிறு பானையாட்டம் வீங்கி, கண்ணு மஞ்சளாகி. ஈரலு கெட்டுப் போச்சுன்னாங்க. ஈரலு கெட்டுதுன்னா ஊரு என்னங்க சொல்லும்? குடிகாரன்! எங்கப்பன் காப்பியைத் தவிர ஒண்ணும் குடிச்சதில்லைங்க. சத்தியமாச் சொல்றாரு, ஆரும் நம்பலை. எங்கம்மாவே அவரு களத்துல இருந்து வந்தா வாயை மோந்து பாப்பா. கமுக்கமாக் குடிக்கறாரு, ஏலக்காய் மென்னுட்டு வர்றாருன்னு பேச்சு. அவரு படுக்கையில கெடந்து, மயிலாத்தா, நீயாவது நம்பறயா சாமின்னாரு. நான் நம்புனேனுங்க. நான் ஒருத்திதான் நம்புனேன்.

செத்ததுக்கப்பறம் படையல் போடறோம். அவருக்குப் புடிச்சது எல்லாம் வெக்கோணுமில்லைங்க? பணியாரம், காப்பி, வெத்தலை. எங்க பங்காளி ஒருத்தன், அர்த்தநாரின்னு, எங்கப்பனோட அண்ணன் மகன், அவன் இடுப்புல இருந்து ஒரு பிராந்தி பாட்டலை எடுத்து எங்கப்பன் படத்துக்கு முன்னால வெச்சான். சித்தப்பனுக்குப் புடிச்சதுன்னான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறாங்க. நான் அந்தப் பாட்டலை எடுத்து வாசல்ல வீசி ஒடைச்சேன். அன்னைக்கு இருந்து அவனோட பேச்சு வார்த்தை இல்லை.

டாக்டரு, உங்கப்பா எப்பிடி எறந்தாருன்னு கேட்டாருங்க. நான் சொன்னேன். அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டு, அம்மா, உங்கப்பா குடிச்சிருக்கமாட்டாரு, இதேதான் அவருக்கும் இருந்திருக்கோணும்னாரு. எனக்கு அந்த ரூமுக்குள்ளயே எந்திரிச்சு ஆடோணும்னு இருந்துச்சு. எந்தம்பிக்குச் சீக்குன்னு சொல்ற எடத்துல நான் கையைத் தட்டறேன்! எந்தம்பியும் அழுதுட்டே சிரிக்கறான்.

உங்க ரத்த சொந்தத்துல எல்லாரும், கூடப் பொறந்தவங்க, புள்ளைகன்னு எல்லாரும் டெஸ்ட் எடுத்துருங்கன்னாரு டாக்டரு. உடுவனா? தை மாசம் குலதெய்வக் கோயில்ல பொங்கல். பங்காளிக அத்தனை பேரும் வருவாங்க. திருப்பூருல இருந்து ஒரு லேப்பு வேனைக் கொண்டாந்து கோயில் வாசல்ல நிறுத்திப்போட்டேன். பூசாரி மைக்கைப் புடுங்கி, எங்கப்பன் சென்னியப்பன் குடிச்சுச் சாகலை, இரும்புல செத்தாரு, பங்காளிக எல்லாம் வரிசையா வந்து கையை நீட்டுங்கன்னேன். தவில்காரரு அடிக்கறதை நிறுத்திட்டாரு. மொத ஆளா ஆரு எந்திரிச்சு வந்தான்கிறீங்க? அர்த்தநாரி! தலைமுடி பூரா நரைச்சுப் போச்சு. வந்து கையை நீட்டுனான். அக்கா, சித்தப்பனை நான் தப்பாப் பேசிப்போட்டேன்னான், அதுவும் மைக்குல கேக்கற மாதிரி. அவனுக்கும் இரும்பு எச்சுன்னு வந்துச்சுங்க. ஆனா ஆரம்பம். இப்ப அவனும் ரத்தம் எடுக்கறான். எந்தம்பியும் அவனும் ஒரே காருல போயிட்டு வர்றாங்க.

நான்தான் வரிசையை நிறுத்துனேன். பங்காளிக மட்டும் இந்தப் பக்கம், கட்டிக் குடுத்த பொண்ணுக எல்லாம் அந்தப் பக்கம் பொங்கப் பானையைப் பாருங்கன்னு சத்தம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப் போச்சு. மருமகளுகளும் எடுத்தாங்க. கோகிலாவுக்கு என்ன வந்துச்சு தெரியுங்களா? அவளுக்கு ரத்தம் எட்டு! எட்டுங்க! இத்தனை வருசமா ரத்தம் இல்லாதவ அவதான், சுவரொட்டி தின்னவன் அவன்! லேப்புக்காரப் பையன், இவங்களுக்குத்தாம்மா சத்து வேணும்னான். நான் சிரிச்ச சிரிப்புல பொங்கல் பொங்குனதையே பாக்கலை.

என்னங்க? என்ன கேக்கறீங்க? எனக்கா? நான் டெஸ்ட் எடுத்தனாவா?

ஐயோ அம்மிணி, உங்களுக்கு எங்க மொறை தெரியலை. நான் எதுக்கு எடுக்கோணும்? எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. தாலி ஏறுன அன்னைக்கே நான் வேற ஊடு. குலதெய்வம் வேற. பொறந்த ஊட்டுல ஒரு எழவுன்னாக்கூட எனக்கு முழுத் தீட்டு இல்லைங்க. தீட்டே ஒட்டாதவளுக்கு இரும்பு எப்பிடிங்க ஒட்டும்? அதுனாலதான் கோகிலாவுக்கு எடுத்தோம், அவ அந்த ஊட்டுக்காரி. சரியாத்தானே பண்ணியிருக்கறேன்?

என்ன, கோகிலாவுக்கு அவிய ரத்தம் இல்லையா? அது சரித்தான். ஆனா...

ஏனுங்க, நீங்க ரொம்பக் கேள்வி கேக்கறீங்க. எனக்கும் அசதி இருக்குதாவா? அம்பத்தி மூணு வயசுல அசதி இல்லாம எப்பிடி? சக்கரை வந்தது போன வருசம். எங்கூட்டுக்காரருக்கு இருந்துச்சு, அவரு தட்டுல மிச்சம் வெச்சதைத் தின்னு எனக்கும் வந்துருச்சு. மாசாமாசம் வர்றதா? அது எப்பவோ நின்னுருச்சுங்க, முப்பத்தஞ்சு வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துப்போட்டாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தம் போகாததுனால இரும்பும் போகாம உள்ளயே தங்குமா? ஓகோ. இதை ஆரும் எனக்குச் சொல்லலையே. டாக்டரு சொன்னாரோ என்னமோ, நான் அப்ப எங்கப்பனை நெனச்சுட்டு இருந்திருப்பேன்.

அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நான் நல்லா இருக்கறேன். இந்தச் சட்டியையும் டானிக்கையும் வீணாக்க வேண்டாம்னு நான்தான் கொண்டு போறேன். டானிக்குல ஒரு பாட்டலு போன மாசமே கொண்டு போயி முடிச்சுட்டேன், நல்லா இனிப்பா இருக்குது.

அதோ வெள்ளகோயில் வந்துருச்சாட்டம் இருக்குது. உங்ககூடப் பேசிட்டு வந்தது நெம்பச் சந்தோசமுங்க. அட, கை குடுக்கறீங்களா! படிச்ச புள்ளைக பழக்கம். தம்பி பொழைச்சதுக்கு வாழ்த்தா? குடுங்க குடுங்க, நாங்க கும்புடறதுதான், பரவாயில்லை...

ஆ! ஐயோ, மெதுவாங்க!

அமுத்தவே இல்லைங்களா? சும்மா தொட்டீங்களா?

எந்த வெரலா? இதுவும், இதுக்கடுத்ததும்.

...

சித்தெ இருங்க.

எங்கப்பனுக்கும் இந்த ரெண்டு வெரலுதானுங்க. காப்பி டம்ளரைக் கட்டை வெரலையும் கடைசி வெரலையும் வெச்சுத் தூக்குவாரு. நாங்க கேலி பண்ணுவோம். நானும் அப்பிடித்தானுங்க இப்பத் தூக்கறேன். இன்னைக்குக் காலையில கூட.

எங்கம்மாவும் வேறாள் இல்லை, எங்கப்பனோட மாமன் மகதான். ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம். நான் கட்டுனதும் எங்க அத்தை மகனைத்தான். வேற ஊடுன்னு எதை வெச்சுச் சொன்னேன் நான்? எம்மக நித்யகலா ஈரோட்டுல இருக்கறா. அவளைப் பொங்கப் பானைகிட்ட நிறுத்துனது நான்தானே. தலைமுடியெல்லாம் கொட்டுது, அசதியா இருக்குதும்மான்னு போன வாரம் போனுல சொன்னா. முருங்கைக்கீரை தின்னு சாமின்னு சொன்னேன்.

பயமா இருக்குதுங்க.

இல்லை, பயப்பட மாட்டேன். சீக்கிரம் கண்டுபுடிச்சாப் பயமே இல்லை. நான்தானே ஊரு பூராச் சொல்லிட்டு வர்றேன், கண்டக்டருகிட்டக் கூடச் சொன்னேன், எனக்கு மட்டும் பயமா? ஏனுங்க கண்டக்டரே, காங்கயத்துக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எதுத்தாப்புலயா நிக்கும்? வந்த வழியேதான் போறேன், ஆமா, இப்பத்தான் வந்தேன், அதுக்கென்ன இப்ப? எந்தம்பி நாளைக்கு ரத்தம் எடுக்கக் கோயமுத்தூரு போறான். காருல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குது. ஈரோட்டுல இருந்து எம்மகளையும் வரச் சொல்லீருவேன். இந்தப் பை போக வேண்டிய எடம் அந்த ஊடுதான். ரத்தம் எட்டுல இருக்கறவளை அங்க உட்டுப்போட்டு நான் தூக்கிட்டு வந்துட்டனே. இந்தச் சட்டியும் டானிக்கும் அந்தப் புள்ளைக்குத்தான் சேரோணும். எந்தம்பிக்குத் தனிச் சோறு, அவளுக்குத் தனிச் சோறு, இனிமே சுவரொட்டி அவ எலையில.

ஒண்ணு தெரியுங்களா அம்மிணி? எங்கப்பன் காடு, தோட்டம், களம் எல்லாம் எந்தம்பிக்குத்தான். பொண்ணுக கேக்கறது மொறையில்லைன்னு நான் சிரிச்சுட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நெசமாத்தான் சிரிச்சேன். ஆனா ஊட்டுக்குப் போயி ஒரு மணி நேரம் அழுதேன். எங்கப்பன் எனக்குன்னு ஒண்ணுமே உட்டுட்டுப் போகலையேன்னு. உட்டுட்டுத்தானுங்க போயிருக்காரு! பையன் பொண்ணுன்னு பாக்காம, அவனுக்குக் குடுத்ததை எனக்கும் குடுத்திருக்காரு. நான் அவரு மகதானுங்க. தாலி கட்டுனாலும் அவரு மகதான்.

பாருங்க, மறுபடியும் சிரிக்கறேன். பைத்தியம்னு நெனச்சுக்கங்க.

எறங்கறேன் எறங்கறேன், விசில் ஊதாதீங்க கண்டக்டரே, பை கனமா இருக்குது. அம்மிணி, அந்தப் பேரீச்சம்பழத்தைத் தின்னுட்டீங்களா? இல்லையா? நல்லதாப் போச்சு, இப்பிடிக் குடுங்க. மொதல்ல ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க, அப்பறம் தின்னுக்கலாம். ரத்தம் கம்மின்னு ஆரு சொன்னாலும் சும்மா நம்பீராதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க!